பர்னாந்து வீடு எது?

தூத்துக்குடியில் பனிமய மாதாவின் கொடி ஏறிவிட்டால் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளியூர் முகங்கள் நிறைந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில், அறுபதைக் கடந்த ஒரு தம்பதியை டீக்கடைக்காரர் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். இலங்கையின் நீர்கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள். கணவரின் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயர், அதன் பின்னால் பர்னாந்து, அடுத்த வரியில் தூத்துக்குடி. அவ்வளவுதான் முகவரி. அதை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் "பர்னாந்து வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். முதலில் கேட்டவர் "நானே பர்னாந்துதான்" என்றாராம். இரண்டாமவரும் அதையே சொன்னார். டீக்கடைக்காரரும் பர்னாந்து. அவர் கொண்டுவந்து விட்ட வீட்டுக்காரனாகிய நானும் பர்னாந்து.

நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பங்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துப் பிறருக்குத் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளைத் தேடிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தில் கற்ற முதல் பாடம், எங்கள் கடற்கரையில் பர்னாந்து என்ற பெயர் யாருடைய வீட்டுக்கும் வழி காட்டாது என்பதுதான். வந்தவரிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "பார்ப்போம் அண்ணாச்சி, உட்காருங்கள்" என்றேன். அதன் பிறகு நடந்ததை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணம். இதே தாளை மடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பெயர் வந்த வழி

1530களில் முத்துக்குளித்துறை என்ற எங்கள் கடற்கரையில் எங்கள் சமூகத்தவரான பரதவர்களுக்கும் முத்து வணிகத்தில் வலுவாக இருந்த முஸ்லிம்களுக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. பரதவத் தலைவர்கள் கொச்சிக்குத் தூது போய்ப் போர்ச்சுக்கீசியரின் காவலைக் கேட்டார்கள். இதற்கு வழி சொன்னவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகர். காவல் கிடைத்தது, கூடவே திருமுழுக்கும் கிடைத்தது. 1535 தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். சவேரியார் மணப்பாட்டுக் கரையில் இறங்கியது 1542இல். எங்களுக்குப் பெயரிட்டவர் சவேரியார் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். அவர் வருவதற்குள் பெயர்கள் வந்துவிட்டன.

சில மாதங்களுக்குள் ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் யோசிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? குருவின் பெயர், கப்பல் தலைவனின் பெயர், ஞானத்தகப்பனாக நின்ற படைவீரனின் பெயர் என்று கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறார்கள். கோமஸ், வாஸ், மிராந்தா, மோத்தா, கொரேரா, ரொட்ரிகோ, மச்சாடோ, ரோச், பெரேரா, கர்வாலோ, பல்தானோ எல்லாம் அப்படி வந்தவை. இவற்றோடு வில்லவராயர், பூபாலராயர், கலிங்கராயர் போன்ற பழைய பட்டங்களும் குடும்பப் பெயராக நின்றுவிட்டன. ஒரே தெருவில் வில்லவராயரும் மச்சாடோவும் சம்பந்திகளாக இருப்பார்கள்.

இந்தப் பெயர்களுக்கிடையே பர்னாந்து கொஞ்சம் விலகி நிற்பதை நான் நெடுநாள் கவனிக்கவில்லை. போர்ச்சுக்கல் நாட்டில் பர்னாந்து என்பது முதற்பெயர், பிள்ளைக்கு இடும் பெயர். அதிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் பெர்னாண்டஸ். கடைசியில் வரும் அந்த ஒலிக்கு இன்னாரின் மகன் என்று பொருள். கோவாவிலும் மங்களூரிலும் அந்தக் குடும்பப் பெயர்தான் வேரூன்றியது. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ் அந்த மங்களூர்க் கொங்கணிக் கத்தோலிக்கரில் ஒருவர். எங்கள் கரையிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் முதற்பெயரே குடும்பப் பெயராக உறைந்திருக்கிறது. என் கணிப்பு இது: திருமுழுக்கில் பர்னாந்து என்று தனிப்பெயர் பெற்ற ஒருவரின் பிள்ளைகளைப் பதிவேட்டில் எழுதும்போது, தகப்பன் பெயரை நாம் முன்னால் வைக்கும் வழக்கத்துக்கு மாறாகப் பின்னால் வைத்து எழுதினார்கள். அடுத்த தலைமுறையிலும் அது பின்னாலேயே நின்றுவிட்டது. அப்படியானால் முதல் பர்னாந்து ஒருவர் அல்லர். ஒவ்வொரு கடற்துறையிலும் பல முதல் பர்னாந்துகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குள் இரத்த உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஊர்களில் பர்னாந்து வீட்டுப் பெண்ணைப் பர்னாந்து வீட்டுப் பையனுக்குக் கட்டிக் கொடுக்கும்போது யாரும் பங்காளி முறை என்று தயங்குவதில்லை. இந்தப் பெயர் உறவைக் குறிக்காது என்பது ஊருக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது.

இந்தப் பெயரின் ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது படித்த பிள்ளைகள் பெர்னாண்டோ என்று எழுதுகிறார்கள். பர்னாந்து என்று எழுதினால் பட்டிக்காட்டு வடிவம் என்று வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. போர்ச்சுக்கல் நாட்டார் இன்றும் அந்தக் கடைசி ஓகாரத்தை உகரம் போலத்தான் ஒலிக்கிறார்கள். அவர்களுடைய அந்த நடு மெய்யும் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் நம் தகரந்தான். ஆகவே 'ந்து' என்ற முடிவு அவர்கள் வாயிலிருந்து நேரே நம் காதில் விழுந்தது. 'ண்டோ' பின்னால் ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் படித்துக்கொண்டது. சிங்களத்தில் இதே பெயர் ப்ரனாந்து. அங்கும் தொடக்கம் பகரமாகியிருக்கிறது, முடிவு உகரந்தான். இரண்டு மொழிக்காரர்களின் காதும் ஒரே ஒலியைக் கேட்டிருக்கின்றன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் எப்படித் தமிழாகிவிட்டனவோ அப்படியே பர்னாந்தும் தமிழாகிவிட்டது.

முதல் தடம், தவறான தடம்

வந்தவரின் தாளில் இருந்த முதற்பெயர் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வைத்திருக்கும் ஒரு புனிதரின் பெயர். அந்தப் பெயரும் பர்னாந்தும் சேர்ந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மட்டும் எத்தனை பேர்! பங்கு அலுவலகத்தில் அனுமதி பெற்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். பழைய திருமுழுக்குப் பதிவேடு என்றால் பழுப்பேறிய தாளில் லத்தீனில் எழுதிய வரிகள். பிள்ளையின் பெயர், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், குருவின் கையொப்பம், தேதி. மை சில இடங்களில் தாளைத் தின்று துளையாக்கியிருக்கும். ஒரே தகப்பனின் மூன்று பிள்ளைகளை மூன்று குருக்கள் எழுதியிருந்தால் பர்னாந்து, பெர்னாண்டஸ், வெறும் சுருக்கெழுத்து என்று மூன்று விதமாகவும் இருக்கும்.

இரண்டாம் நாள் மாலை ஒரு பதிவு கிடைத்தது. பெயர் பொருந்தியது, காலம் பொருந்தியது. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதும் காப்பி வந்தது, பழைய படங்கள் சுவரிலிருந்து இறங்கின. நீர்கொழும்புக்காரரின் மூக்கும் சுவரில் இருந்தவரின் மூக்கும் ஒன்றுபோல இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த மனிதர் கொழும்புக்குப் போனதாக அந்த வீட்டில் யாருக்கும் செவிவழிச் செய்திகூட இல்லை. மறுநாள் திருமணப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் பார்த்தேன். அவர் தூத்துக்குடியிலேயே திருமணம் செய்து, தூத்துக்குடியிலேயே இறந்து, இங்கேயே அடக்கமாகியிருந்தார்.

அந்த வீட்டுக்குப் போய்த் தவறு என்று சொன்னபோது அவர்கள் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து தாய் பெயர் பொருந்தாமல் யாரையும் யாரோடும் உறவாக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

அக்கரைப் பர்னாந்துகள்

தூத்துக்குடிப் பதிவேட்டை மூடிவிட்டு, அவர் கொண்டுவந்திருந்த இலங்கை ஆவணங்களை விரித்தோம். அதற்கு முன் அக்கரையில் இந்தப் பெயர் எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர்களில் பர்னாந்தும் ஒன்று. பெரேராவும் சில்வாவும் அதற்குத் துணை. 1556இல் அங்குள்ள கடலோரச் சமூகமான கரவா சமூகத்தவர் 70,000 பேருக்கு மேல் தங்கள் தலைவரோடு திருமுழுக்குப் பெற்றதாகப் போர்ச்சுக்கீசிய ஆவணம் சொல்கிறது. அந்தத் தலைவரை அது குறிப்பிடும் சொல் 'பட்டங்கட்டி'. நம் கரையிலும் ஊர்த் தலைவருக்கு அதே சொல்தான். சிங்களத்தில் அது பட்டபெந்தி. பொருளும் அதுவே, பட்டம் கட்டப்பட்டவர்.

சிங்களவர் பெயரில் முன்னால் ஒரு வீட்டுப் பெயர் வரும். 'கே' என்று முடியும். இன்னார் வீட்டைச் சேர்ந்தவர் என்று அதற்குப் பொருள். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாமலே தெரிந்த விஷயம். சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உசந்த ஜோசப் சமிந்த வாஸ். அந்தப் பெயரின் நடுவில் ஒரு பட்டங்கட்டி உட்கார்ந்திருக்கிறார், கடைசியில் தூத்துக்குடித் தெருக்களில் கேட்கும் வாஸ் நிற்கிறது. அவிஷ்க பர்னாந்து வீரஹந்திகே வீட்டுக்காரர். ஓஷத பர்னாந்து பொடியபடுகே வீட்டுக்காரர். விஷ்வ பர்னாந்து முத்துத்தந்திரிகே. ஒரே அணியில், ஒரே பெயர்ச் சட்டையோடு ஆடியவர்கள் மூவரும் மூன்று வீட்டார். நுவன் பிரதீப் என்று அறியப்பட்ட பந்துவீச்சாளரின் முழுப்பெயரும் பர்னாந்து என்றே முடிகிறது. அவர் அதைச் சட்டையில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

விஷ்வ பர்னாந்துவைச் சொல்லும்போது 2019 பிப்ரவரி டர்பன் டெஸ்ட் நினைவுக்கு வராமல் போகாது. வெற்றிக்கு 304 ஓட்டங்கள் வேண்டும், 226 ஓட்டங்களுக்கு ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒரு முனையில் குசல் பெரேரா, மறுமுனைக்குக் கடைசி ஆளாக விஷ்வ. தென்னாப்பிரிக்கப் பந்துவீச்சை 27 பந்துகள் தாங்கி அவர் எடுத்தது 6 ஓட்டங்கள்தான். பெரேரா 153 ஓட்டங்களோடு நின்றார். கடைசி விக்கெட்டுக்கு 78 ஓட்டங்கள் சேர்த்து இலங்கை வென்றது. அன்று தூத்துக்குடியில் ஒரு பையன் என்னிடம் ஓடிவந்து, "சார், நம்ம ஆளுங்க ரெண்டு பேரு" என்றான். மொழி வேறு, நாடு வேறு. ஆனாலும் பெயரைக் கேட்டதும் அவன் உள்ளம் அப்படித் துள்ளியது. நான் அவனைத் திருத்தவில்லை.

இனி அவருடைய ஆவணங்கள். இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. அவருடைய தகப்பனாரின் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் பரவர் என்று இருந்தது. பரதவரைக் குறிக்கும் இன்னொரு சொல் அது. ஒரு தலைமுறை கழித்து, அவருடைய சொந்தச் சான்றிதழில் சிங்களவர் என்று இருந்தது. பெயர் இரண்டிலும் பர்னாந்துதான். இரண்டிலுமே 'கே' என்று முடியும் வீட்டுப் பெயர் இல்லை.

அந்த இல்லாமைதான் முதல் உருப்படியான துப்பு. பல நூற்றாண்டுகளாக அங்கே இருக்கும் சிங்களப் பர்னாந்துகளுக்கு வீட்டுப் பெயர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோணியில் வணிகத்துக்காக இங்கிருந்து போய்க் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தங்கிய பரதவர்களுக்கு அது இருக்காது. இலங்கைக் கணக்கெடுப்பு அவர்களைப் பரதர் என்று தனியாகவே எண்ணுகிறது. 2012 கணக்கெடுப்பில் 2,000 பேருக்கும் குறைவு. அந்த எண்ணிக்கை சுருங்கியதற்குக் காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இந்திய வழியினர் என்று ஏட்டில் தெரிவதே அச்சமாக இருந்த காலம் வந்தது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. பின் 1958, 1983 இனக் கலவரங்கள். நீர்கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம் வரையுள்ள கத்தோலிக்கக் கடலோரத்தில் பல பள்ளிகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. வீட்டில் தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள்கூடப் பள்ளியிலும் கோயிலிலும் சிங்களவராயின. வணிகத்துக்குப் போன பரதவர்களும் அந்த அலையிலேயே கரைந்தார்கள். பர்னாந்து என்ற பெயர் கையில் இருந்ததால் வெளியே எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கட்டத்தில் ஒரே ஒரு சொல் மாறியது.

அவர் அந்தச் சொல்லைக் காட்டி, "என் தகப்பனார் இதை எங்களிடம் சொன்னதே இல்லை" என்றார். தயங்கித் தயங்கி, நீர்கொழும்பு மீனவர்கள் பேசும் அந்தத் தமிழில் சொன்னார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி அவர் தோளைத் தொட்டுக்கொண்டார்.

இந்தப் பெயரைச் சுமந்தவர்கள்

ஒரு பெயர், எத்தனை விதமான மனிதர்கள். தேடலின் நடுவே அந்த எண்ணம் எனக்கு அடிக்கடி வந்தது.

எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருபவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து (1869–1930). தூத்துக்குடி நகராட்சிக்கு ஐந்து முறை தலைவர். கடலோரத்து உப்புத் தண்ணீரால் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தவர். எங்கள் பாட்டி குழாயடியில் குடத்தை வைக்கும்போது அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். தமிழில் குரூஸ் பர்னாந்து என்று போற்றப்படும் அவர் பெயர் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெர்னாண்டஸ் என்று வருகிறது. நகரமே அறிந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், ஒரு தோணிக்காரரின் பெயரை ஏட்டில் தேடுவது எவ்வளவு கடினம் என்று புரியும்.

கிராசியன் பர்னாந்து வேறு வகை. இலங்கைப் பீரங்கிப் படையில் இருந்தவர். 1942 மே மாதம் கோகோஸ் தீவுகளில் வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தார். கலகம் தோற்றது. அவரையும் இன்னும் இருவரையும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசின் படைகளில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் அந்த மூவர் மட்டுமே. அவர் தூக்கிலேறிய நாள் ஆகஸ்ட் 5. அன்று இக்கரையில் பனிமய மாதாவின் திருநாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் எனக்கு இந்த நினைவு வந்துவிடுகிறது.

இலங்கையின் தலைமை நீதிபதியாக 1966 முதல் 1973 வரை இருந்தவர் ஹெச். என். ஜி. பர்னாந்து. சில ஆண்டுகள் கழித்து, 1979 முதல் 1985 வரை பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைமை நீதிபதியும் ஒரு பர்னாந்துதான், என்ரிக் பர்னாந்து. உறவு ஏதும் இல்லை. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் அகரவரிசைப் பட்டியல் ஒன்றை வைத்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஆணையிட்டார். அங்கே பட்டியல், இங்கே ஞானத்தகப்பன்.

1977 முதல் 2002 வரை கொழும்புப் பேராயராக இருந்த நிக்கலஸ் மார்க்கஸ் பர்னாந்து, சிங்கள மெல்லிசைப் பாடகர் சி. டி. பர்னாந்து, காட்டையும் விலங்கையும் படமெடுத்த நிஹால் பர்னாந்து, இப்படி வரிசை நீளும். 'டில்மா' தேயிலையை உலகுக்குக் கொண்டுபோன மெரில் பர்னாந்து நீர்கொழும்பை அடுத்த பல்லன்சேனையில் 1930இல் பிறந்தவர். தம் இரண்டு மகன்களான டில்ஹான், மாலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார். உலகம் முழுக்கப் போன அந்த டப்பாவில் குடும்பத்தைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்டது பிள்ளைகளின் முதற்பெயர்களை.

இன்னொரு பர்னாந்துவும் உண்டு. லிஸ்பனில் 1195இல் பிறந்து, திருமுழுக்கில் பர்னாந்து என்று பெயர் பெற்று, துறவியானபின் அந்தோணி ஆனவர். உவரியிலும் கொழும்புக் கொச்சிக்கடையிலும் கச்சத்தீவிலும் மீனவர்கள் மண்டியிடும் அந்தப் புனித அந்தோணியார்தான். கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இருகரைப் படகுகளும் வரும்போது, இரண்டு பக்கத்துப் பர்னாந்துகளும் ஒரு பர்னாந்துவின் காலடியில்தான் கூடுகிறார்கள். இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

புனிக்கால்

நான்காம் நாள் அவருடைய மனைவி பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். நீர்கொழும்பில் ஒரு கோயில் பதிவேட்டிலிருந்து பெற்ற, கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவின் நகல். அதில் பயன் ஏதும் இல்லை என்று எடுத்துவைத்திருந்தார்களாம். எனக்கு அதைக் கண்டதும் கை நடுங்கியது. திருமணப் பதிவில் மணமகனின் பெற்றோர் பெயர் இருக்கும். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவன் சொந்தப் பங்கிலும் மூன்று ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். ஆகவே சொந்த ஊரையும் எழுதியிருப்பார்கள்.

தகப்பன் பர்னாந்து. தாய் பல்தானோ. எங்கள் கரையில் பர்னாந்து கடல் மணல் போல, பல்தானோ எண்ணிவிடலாம். அடுத்த வரியில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் 'புனிக்கால்' என்று வாசிக்கும்படி ஒரு சொல். நீர்கொழும்பில் யாருக்கும் அது புரியவில்லையாம். குருவின் கையெழுத்துக் கோணல் என்று விட்டுவிட்டார்கள். சவேரியார் காலத்துப் போர்ச்சுக்கீசியக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் பழக்கமானது. அது புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கும் பழைய கடற்துறை. தமிழில் முதன்முதலாக நூல்களை அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர்.

வீட்டில் 'தூத்துக்குடி' என்று சொல்லி வந்தது பொய்யல்ல. தோணி ஏறிய துறை அது. புறப்பட்ட ஊர் வேறு.

மறுநாள் காலை ஆத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். பங்குத்தந்தை பதிவேட்டைத் திறந்துவிட்டார். முற்பகல் முடிவதற்குள் அந்த வரி வந்துவிட்டது. பிள்ளையின் பெயர், தகப்பன், தாய் பல்தானோ, மூன்றும் பொருந்தின. குடும்பப் பெயரைக் குரு பெர்னாண்டஸ் என்று எழுதியிருந்தார். ஞானத்தகப்பன் இன்னொரு பல்தானோ. தாய்மாமனாக இருக்கலாம். வந்தவர் அந்த வரியின் மேல் விரலை வைக்கப் பயந்தவர்போலக் கையை ஒரு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போனார்.

கோயிலுக்கு வெளியே ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். விவரம் சொன்னேன். பர்னாந்து என்றதும் கையை வீசினார்.

"பர்னாந்து என்றால் ஊரெல்லாம் பர்னாந்துதான் மக்களே. எந்த வீட்டார், அதைச் சொல்லுங்கள்."

நீர்கொழும்புக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, நினைவுக்கு வந்ததை வெளியே சொல்லலாமா கூடாதா என்று தெரியாதவர்போல மெல்லச் சொன்னார். அவருடைய அத்தை ஒருவர், சிறுவனாக இருந்தபோது குறும்பு செய்தால், "தண்டல் வீட்டுப் பிள்ளை செய்கிற வேலையா இது" என்று ஏசுவாராம். தண்டல் என்றால் தண்டனை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

தோணியை ஓட்டிச் செல்லும் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பாட்டிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்டல் வீடா? மூன்று தண்டல் வீடு உண்டு. கட்டியவள் பல்தானோ வீட்டுக்காரி என்றால் ஆற்றுப் பக்கத்து வீடு" என்றார். அந்த வீட்டார் இரண்டு தலைமுறைக்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்டார்கள், வீடும் கைமாறி இடிந்துவிட்டது என்று இடத்தை மட்டும் கைகாட்டினார். ஒரு புன்னை மரமும் பாதிச் சுவரும் இருந்தன. அங்கே கொஞ்ச நேரம் நின்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் அந்த நாலாக மடித்த தாளைப் பிரித்து என்னிடம் நீட்டி, பேனாவும் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'தண்டல்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதை இரண்டு முறை வாயால் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, பஸ் குலுங்காத இடம் வரும்வரை காத்திருந்து, அதன் கீழே அதே சொல்லைச் சிங்களத்தில் எழுதினார்.